குறிப்புகள்: இல்லை

எங்கம்மா பெயர் வசந்தகுமாரி. இருபத்திரண்டு வருடம் ஒரே அலுவலகத்தில் தேய்ந்தவளை, வேலை முடிகிற கடைசி நாள் சாயங்காலம், மாலை போட்டு அனுப்ப வேண்டியவர்களே சஸ்பெண்ட் செய்து அனுப்பினார்கள். காசை எடுத்தாள் என்று இல்லை. யாரிடமாவது கை நீட்டினாள் என்று இல்லை. ஆண்டறிக்கையில் உண்மையை எழுதினாள். அவ்வளவுதான் அக்கா அவள் செய்த குற்றம்.

நீங்க கேட்டதால் சொல்கிறேன். மடியில் இவ்வளவு பெரிய ஃபைலை வைத்துக்கொண்டு போகிறாயே, கோர்ட்டுக்கா என்று கேட்டீங்க. ஆமாம், மதுரை ஹைகோர்ட்டுக்குத்தான். அங்கே ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறேன். நான் யுனிவர்சிட்டியில் எம்.ஏ. பொது நிர்வாகம், இரண்டாம் வருடம். பட்டிமன்றம், பேச்சுப்போட்டி என்று எங்கள் வீட்டு ஷோகேஸில் பதினோரு கோப்பை நிற்கிறது. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். தூக்கம் வந்தால் தூங்குங்க, தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒரு நல வாரியத்தின் மண்டல அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்க. உப்பளம், சூளை, குவாரி என்று கூலிக்குப் போகிறவர்கள் செத்துப்போனால் குடும்பத்துக்கு இருபதாயிரம் ரூபாய் கொடுக்கிற வாரியம். எங்கப்பா அங்கே ஜீப் ஓட்டினார். நான் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது அவர் போய்விட்டார். கருணை அடிப்படையில் அம்மாவுக்கு வேலை கொடுத்தார்கள். அந்தக் கட்டடத்தில் கருணை என்ற சொல்லைப் பயன்படுத்தியது அதுதான் முதலும் கடைசியும். பிளஸ் டூ முடித்து இருபது வருடம் அடுப்படியில் இருந்தவள், துறைக் கணக்குத் தேர்வை மூன்றாவது தடவையில் பாஸ் செய்து, படிப்படியாக ஏறி, கடைசியில் சூப்பிரண்டு ஆனாள்.

இப்போது அந்த அலுவலகத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அரசாங்கத்துக்கு வருடம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. அன்றைக்குள் செலவாகாத பணம் திரும்பப் போய்விடும். போனால் அடுத்த வருடம், உங்களுக்குத்தான் தேவைப்படவில்லையே என்று குறைத்துவிடுவார்கள். அதனால் மார்ச் கடைசியில் இருக்கிற பணத்தையெல்லாம் எடுத்து, காத்திருக்கிற பெயர்களுக்கெல்லாம் செக் எழுதிவிடுவார்கள். செக் எழுதியாயிற்றா, கணக்கில் செலவு. எழுதி முடிய ஏப்ரல் பாதி ஆகும். தேதி மட்டும் மார்ச் முப்பத்தொன்று. அம்மாவுக்குக் கீழே பிச்சைக்கனி என்று ஓர் அண்ணன், உதவியாளர். அவர் என்னிடம் சொல்வார்: "நம்ம ஆபீஸ்ல மார்ச் முப்பத்தொண்ணு இருபது நாள் இருக்கும் மதி. சூரியன் நின்னு வேலை பாக்குத ஒரே இடம் இதுதான்."

சரி, செக் எழுதியாயிற்று, கொடுக்க வேண்டியதுதானே என்பீங்க. கொடுக்க முடியாது. விழா வேண்டும். பந்தல், மேடை, பெரிய ஆள், ஃபோட்டோ. பெரிய ஆளுக்குத் தேதி கிடைக்காது. தேதி கிடைத்தால் தேர்தல் வந்துவிடும், விழா கூடாது. தேர்தல் முடிந்தால் மழை. மூன்று மாதத்தில் செக் காலாவதி. அதற்குள் அடுத்த மார்ச் வந்துவிடும். புதுச் செக், புது விழா. பழையதெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு பீரோவுக்குள். இப்படி ஆறு வருடத்தில் இருநூற்று அறுபத்தெட்டு செக். கணக்குப்படி அந்த இருநூற்று அறுபத்தெட்டுக் குடும்பமும் பணம் வாங்கி, செலவழித்து, மறந்தும் போய்விட்டன.

இதெல்லாம் வெளியே தெரியாதா? தெரிவதற்காகத்தான் ஆண்டறிக்கை. ஒவ்வொரு வருடமும் கணக்கை முடித்து ஜூன் முப்பதுக்குள் தணிக்கைக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் அது சட்டசபை மேஜைக்குப் போக வேண்டும். எங்களுக்கு இது ஒரு பேப்பரே உண்டு, மூன்றாவது செமஸ்டரில். நான் எண்பத்திரண்டு மார்க். ஆனால் அந்த வாரியம் ஆறு வருடமாக அனுப்பவே இல்லை. கேட்டால் தயாராகிக்கொண்டிருக்கிறது என்பார்கள். போன வருடத்துக்கு முந்தின ஜூலையில் சென்னையிலிருந்து ஓலை வந்தது: ஆறு வருடக் கணக்கும் வராமல் இனி ஒரு பைசா மானியம் கிடையாது. மண்டல அலுவலர் சிதம்பரநாதன் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா குனியவில்லை, அல்லது குனியத் தெரியவில்லை. அவளிடம் கொடுத்தார்கள்.

பதினொரு மாதம் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகூட எங்கள் சாப்பாட்டு மேஜையில் பேரேடுதான், நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். ஆறு வருடத்தையும் முடித்தாள். முடிக்கும்போதுதான் பீரோவில் இருந்ததை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

எண்ணிப் பார்த்துவிட்டு அவள் என்ன செய்தாள் தெரியுமா? இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. காலாவதியான செக்கை ரத்து செய்து, அதே பெயருக்கு அதே தொகைக்குப் புதிது எழுத மண்டல அலுவலர் கையெழுத்து ஒன்று போதும். கணக்கில் ஓர் எழுத்து மாறாது. அம்மா வாரத்துக்குப் பத்தை எடுத்து, அவர் தினம் கையெழுத்துப் போடுகிற கட்டுக்கு நடுவில் செருகி வைப்பாள். அவர் போட்டுவிடுவார். பதிவுத் தபாலில் போய்விடும். விழா இல்லை, ஃபோட்டோ இல்லை. கள்ளக் கடத்தல் மாதிரி. ஜூன் மாதத்துக்குள் ஐம்பத்தேழு செக் அப்படிப் போய்விட்டது.

எனக்கு இது தெரியவந்தது ஜூன் கடைசி ஞாயிறு காலையில். அம்மா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் மேஜையில் இருந்த கணக்குப் படிவத்தைச் சும்மா புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். கணக்கில் சொல்ல முடியாததை அங்கேதான் சொல்ல வேண்டும். அந்த அலுவலகத்தில் அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருந்தார்கள். 'இல்லை' என்று. பழைய படிவம் எல்லாவற்றிலும் ஊதா மையில் இல்லை, இல்லை, இல்லை. அம்மா இந்த ஆறையும் இன்னும் குத்தாமல் வைத்திருந்தாள்.

"இதுல என்னம்மா எழுதப் போற?"

"என்ன எழுத. ஸ்டாம்பு இருக்குலா."

"பீரோல இருநூத்திச் சொச்சம் செக் இருக்கு. நீ இல்லைன்னு குத்துவியா?"

அப்போதுதான் பத்துப் பத்தாக அனுப்புகிற கதையைச் சொன்னாள், ஏதோ நல்ல காரியம் செய்தவள் மாதிரி. வாரம் பத்து என்றால், தான் ஓய்வு பெறுகிற அக்டோபருக்குள் இன்னும் நூற்று எழுபது போய்விடும், மிச்சத்தைப் பிச்சைக்கனி பார்த்துக்கொள்வார் என்று விரல் விட்டுக் கணக்குச் சொன்னாள். விரலெல்லாம் செதில்.

நான் விடவில்லை. அம்மா, இது மறைப்பு. ஆண்டறிக்கை என்பது அலுவலகம் மக்களுக்குக் கொடுக்கிற வாக்குமூலம். வாக்குமூலத்தில் பொய் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக நல்லது செய்தால், பொய் மெய்யாகிவிடுமா?

"ஏட்டி, நான் அந்தக் கட்டத்துல எழுதுனா என்ன ஆவும்?"

"ஆடிட்ல கேள்வி கேப்பாங்க."

"கேட்டா?"

"ஆபீஸ் பதில் சொல்லணும்."

"பதில் சொல்லுத வரைக்கும் பீரோவத் திறக்க உடுவாவளா?"

"அது நடைமுறை அம்மா. நான் பேசுறது கொள்கை."

அம்மா இன்னொரு மீனை எடுத்துக் கழுவினாள். "அடுத்த பத்துல ஜெபக்கனி இருக்கா மதி" என்றாள். "அவ பேரு மட்டும் போயிரட்டும். ஒரு மாசம் பொறு."

ஜெபக்கனி யார் என்று சொல்கிறேன். உப்பளத்தில் உப்பு வாருகிறவள். நாற்பது வயது இருக்கும். புருஷன் அந்த ஜூனுக்கு நாலே முக்கால் வருடத்துக்கு முன்னால் பாத்தியிலேயே மயங்கி விழுந்து செத்தார். அவர்கள் ஊர்க் கோயில் கல்லறைத் தோட்டம் சின்னது. சிமெண்டு பூசிக் கட்டாத மண் குழியை ஐந்து வருடம்தான் விட்டுவைப்பார்கள். அப்புறம் அதே குழியில் வேறொருவர். ஊரே பேசி வைத்த விதி, யாரையும் குறை சொல்ல முடியாது. புருஷன் குழியைக் கட்டத்தான் அவளுக்கு அந்த இருபதாயிரம். மாதம் ஒரு தடவை வந்து எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று "சூப்ரண்டம்மா இருக்காவளா" என்பாள். உள்ளே வா என்றால் வரமாட்டாள், காலில் உப்புப் புண்.

எனக்கு அவள்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் வாதம் என்றால் வாதம்தானே? நான் கேட்டேன்: "ஒரு ஜெபக்கனிக்காக இருநூத்திப் பதினொரு பேரோட உண்மையைக் குழிதோண்டிப் புதைக்கலாமா?"

"உண்மை பொறுக்கும்டி. குழி பொறுக்காது" என்றாள் அம்மா.

இதுதான் பாருங்க, உணர்ச்சியை வைத்துக் கொள்கையை அடிக்கிற உத்தி. மேடையில் இதற்கு மார்க் குறைப்பார்கள். நான் கடைசியாக ஒன்று சொன்னேன். "நீ அந்த ஸ்டாம்பைக் குத்தினா, பொய்க் கணக்கு எழுதின சம்பளத்துலதான் நான் படிச்சேன்னு ஆயிரும் அம்மா. எனக்கு அந்தப் படிப்பு வேண்டாம்."

அம்மா எழுந்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, "சொல்லு" என்றாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். 'மேற்படி செலவினத்தில் 211 காசோலைகள் உரியவர்களிடம் சேர்க்கப்படாமல் இவ்வலுவலகப் பீரோவில் உள்ளன.' எவ்வளவு சுத்தமான வாக்கியம் பாருங்க. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அன்றைக்கு நான் எங்கம்மாவை நினைத்துப் பட்ட பெருமை, பதினோரு கோப்பைக்கும் பட்டதில்லை.

சிதம்பரநாதன் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். இருபது வருடமாக 'இல்லை' என்று இருந்த கட்டத்தை யார் படிப்பார்கள்?

சென்னையில் ஒருவர் படித்தார். ஜூலை மூன்றாவது வாரம் ஒரு கார் வந்து நின்றது. பீரோவுக்குத் துணி சுற்றி அரக்கு வைத்தார்கள். அந்த பேங்க் கணக்கிலிருந்து விசாரணை முடியும்வரை ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. கார் போனதும் சிதம்பரநாதன் அம்மாவைக் கூப்பிட்டார். கத்தவில்லையாம். "ஏம்மா, பத்துப் பத்தா போய்க்கிட்டுத்தானே இருந்துச்சு" என்று மட்டும் கேட்டாராம்.

கவனித்தீங்களா அக்கா? அப்படியென்றால் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் ஒவ்வொரு வாரமும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தெரிந்தும் தெரியாத மாதிரி நடித்த ஆள். அவர்தான் முதல் எதிரி. என் மனுவில் அதற்கு மட்டுமே ஒன்றரைப் பக்கம்.

செக்கெல்லாம் என்ன ஆச்சு என்றா கேட்கிறீங்க? வருகிறேன், வருகிறேன். முதலில் அம்மா விஷயத்தை முடித்துக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் ஜெபக்கனி வந்தாள். செப்டம்பரில் வந்தாள். அம்மா கேட்டுக்கு வெளியே போய் அவளோடு நின்று ஏதோ மெதுவாகச் சொல்வாள். அக்டோபரில் அவள் வந்தபோது அம்மா வீட்டில் இல்லை. சிதம்பரநாதனிடம் ஒரே ஒரு செக்குக்காவது அனுமதி கேட்டு வாங்கச் சொல்லி மன்றாடப் போயிருந்தாள். நான்தான் பேசினேன். விவரமாக விளக்கினேன். உங்கள் பணம் வராதது இப்போது அரசாங்க ஆவணத்திலேயே பதிவாகிவிட்டது, இனி யாரும் மறுக்க முடியாது, இது பெரிய வெற்றி என்று சொன்னேன்.

"அப்படியா பிள்ள" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்த ஆவணத்தக் கோயில்ல காட்டினா குழியத் தோண்டாம நிப்பாட்டுவாவளா?" என்று கேட்டாள்.

எழுத்தறிவில்லாத மக்களுக்கு நிர்வாகத்தைப் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் புரொஃபசர் சொல்வார். அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

அக்டோபர் முப்பத்தொன்று. அம்மா நீலப் பட்டு கட்டிக்கொண்டு போனாள், எங்கப்பா எடுத்துக் கொடுத்தது, மடிப்பில் நைந்திருக்கும். நாலரை மணிக்குப் பிரிவுபசாரம் என்று என்னையும் வரச் சொன்னார்கள். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன். ஹாலில் நாற்காலி போட்டு, காராசேவும் லட்டும் பேப்பர் தட்டில் வைத்து, ரோஜா மாலை ஒன்று கேரி பேக்கில் தயாராக இருந்தது. ஐந்தரை ஆயிற்று, சிதம்பரநாதன் அறையை விட்டு வரவில்லை. ஆறு மணிக்குப் பிச்சைக்கனி அண்ணன் ஒரு உறையோடு வந்தார். எப்போதும் ஏதாவது நக்கல் பேசுகிறவர், அன்றைக்கு அம்மாவை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்து."

அம்மா வாங்கிப் படித்தாள். முழுதும் படித்தாள். விசாரணை நிலுவையில் இருப்பதால் ஓய்வு பெற அனுமதி இல்லை. இன்று முதல் தற்காலிகப் பணிநீக்கம். குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, மேலதிகாரியின் கவனத்துக்குக் கொண்டுவராமல் ஆண்டறிக்கையில் குறிப்பு எழுதியது. இரண்டு, பீரோ சாவியைப் பொறுப்பில் வைத்திருந்தும் காசோலைகளை உரியவர்களுக்கு அனுப்பத் தவறியது. பார்த்தீங்களா? எழுதியதும் குற்றம், அனுப்பாததும் குற்றம். இனி அவள் வேலையில் இருப்பவளும் இல்லை, ஓய்வு பெற்றவளும் இல்லை.

நான் எழுந்தேன். தயாரித்த பேச்சை விட்டுவிட்டு வேறு பேசினேன். இயற்கை நீதி, தண்டனையின் விகிதாசாரம், எல்லாம் பேசினேன். கேட்டவர்கள் லட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா உறையை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். "மதி, வா. ஆறே காலுக்கு பஸ்ஸு இருக்கு" என்றாள். அவ்வளவுதான். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் பிச்சைக்கனி அண்ணன் அதைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் வந்ததும் எங்களிடம் கொடுக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றார்.

மூன்றாம் நாள் ஜெபக்கனி வந்தாள். நவம்பர் இரண்டு அவர்களுக்குக் கல்லறைத் திருநாள் இல்லையா, முந்தின நாள்தான் முடிந்திருந்தது. அன்றைக்கு முதல்முறையாக கேட்டைத் தாண்டி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"மெழுவுதிரி வாங்கிட்டுப் போனேன் சூப்ரண்டம்மா. அவுகளக் காணல. வேற ஆளு படுத்திருக்காவ. ரெண்டு வாரம் ஆச்சாம். என்ன செய்ய, கொண்டுபோன திரிய அந்த ஆளுக்குக் கொளுத்தி வச்சிட்டு வந்தேன்."

அம்மாவும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இனி எதுக்கு அந்த ரூவா. எனக்காவ நீங்க அவுககிட்டயும் இவுககிட்டயும் போய் நிக்காதீய. அதச் சொல்லத்தான் வந்தேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அக்கா. உள்ளே போய் உடனே எழுதினேன். குற்றச்சாட்டுக்குப் பதினைந்து நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும். அதை நான்தான் தயாரித்துக்கொண்டிருந்தேன். பதினான்கு பக்கம். ஒன்பதாவது பத்தி முழுக்க ஜெபக்கனி. 'இந்த அமைப்பின் அலட்சியம் ஓர் ஏழைப் பெண்ணின் கணவனை இரண்டாம் முறை கொன்றது' என்று முடித்திருந்தேன். படிக்கிறவர் யாராக இருந்தாலும் ஆடிப்போவார். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்பதாவது பத்தி வந்ததும் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு மதி."

"ஏதாவது மாத்தணுமா?"

"நீ சொன்னா சரிதான்."

இதைத்தான் அக்கா என்னால் தாங்க முடியவில்லை. எங்கம்மா அதிகம் படிக்காதவள்தான், ஆனால் வாதத்தில் என்னை விட்டுக்கொடுக்கவே மாட்டாள். சாம்பாரில் புளி கூடிவிட்டது என்று நான் சொன்னால், கூடவில்லை என்று அரைமணி நேரம் நிரூபிப்பாள். நான் பேசக் கற்றதே அவளிடம் சண்டை போட்டுத்தான். அன்றையிலிருந்து இன்று வரைக்கும் எதற்கும் சரி மதி, நீ சொன்னா சரி. நேற்று வேண்டுமென்றே, ரேஷன் அரிசி நல்ல அரிசி அல்ல என்றேன். சரி என்றாள். இரண்டு நாளைக்கு முன் அப்பாவைப் பற்றிக்கூடத் தப்பாக ஒன்று சொல்லிப் பார்த்தேன். சரி என்றாள். வீட்டில் ஒரு பக்கம் மட்டும் பேசுகிற பட்டிமன்றம் நடக்கிறது. கோப்பை எல்லாம் எனக்கே.

அவர்கள் அவளை உடைத்துவிட்டார்கள். அந்த உறைதான் உடைத்தது. வேறென்ன?

ஏன் ஒன்றும் சொல்லாமல் இருக்கீங்க?

டிசம்பரில் இறுதி உத்தரவு வந்தது. ஐந்து வருடத்துக்கு அவள் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. அது போகட்டும். உத்தரவில் இரண்டாவது வரி: 'குற்றம் சாட்டப்பட்டவர் இரு குற்றச்சாட்டுகளையும் ஏற்றுக்கொண்டுவிட்டதால்.' என் பதினான்கு பக்கத்தில் ஏற்றுக்கொண்டதாக ஒரு காற்புள்ளிகூடக் கிடையாது. அம்மாவிடம் கேட்டேன். "தபால்ல ஏதோ மாறிருக்கும்" என்றாள். பொய். எனக்கு விளங்கிவிட்டது. என் விளக்கத்தை அனுப்பாமல் தானே ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறாள். அப்பாவுக்குப் பிறகு தனியாளாக இத்தனை வருடம் யாருக்கும் தலை குனியாதவள், கடைசியில் பயந்து பணிந்துவிட்டாள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் அவள் கொடுத்த பதிலின் நகல் கேட்டேன். முந்தாநாள் வந்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய். இரண்டே ரூபாய்தான் கட்டினேன்.

இதை வைத்துக்கொண்டுதான் மதுரைக்குப் போகிறேன். மிரட்டி வாங்கிய ஒப்புதல், மன உளைச்சலில் எழுதியது, செல்லாது என்று ரிட் போட வேண்டும். வக்கீலிடம் போனில் பேசிவிட்டேன். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன், அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். "கவலைப்படாதீங்க. மொதல்ல ஒரு ஸ்டே வாங்கிருவோம். ஆபீஸ், பீரோ, பேங்க், எல்லாம் அப்படியே நிக்கும். விசாரணையைத் திரும்ப ஆரம்பிக்க வச்சிரலாம்" என்றார். வக்காலத்துப் படிவத்தில் அம்மா கையெழுத்து வேண்டும். நீட்டினேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. "பேனா எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனாள். நான் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். பின்வாசலில் நின்று துணியை உலர்த்திக்கொண்டிருந்தாள், உலர்ந்த துணியையே. பரவாயில்லை, வக்கீலிடம் வேறு வழி இருக்கும். இல்லாவிட்டால் திரும்பப் போய்ப் பேசிச் சம்மதிக்கவைப்பேன். பேசினால் முடியாதது உண்டா?

ஆ, செக். நீங்க அதிலேயே இருக்கீங்க. அது போகிறதாம். விசாரணை முடிந்ததென்று பொங்கல் கழித்துப் பீரோவைத் திறந்துவிட்டார்கள். வாரத்துக்குப் பத்து, பதினைந்து என்று பிச்சைக்கனி அண்ணன் அனுப்புகிறார். போன வாரம் வீட்டு வாசலில் நின்று எண்ணிக்கை சொன்னார், நாற்பத்தொன்று. அம்மா விரல் விட்டு எண்ணினாள். இவ்வளவுக்குப் பிறகு அதை வைத்து என்ன அக்கா செய்வது? கொள்கை தோற்றுப்போய்விட்டதே.

அம்மா அப்படி என்னதான் எழுதிக் கொடுத்தாள் என்று கேட்கிறீங்க. படிக்கிறேன். பஸ் குலுங்குகிறது, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்க. இந்தக் காகிதம்தான். அவள் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும்.

'பார்வையில் கண்ட குறிப்பாணையின் இரண்டு குற்றச்சாட்டுகளையும் ஏற்றுக்கொள்கிறேன். விசாரணை தேவையில்லை. விசாரணை இல்லாதபோது பீரோவை மூடி வைத்திருக்கவும் தேவையில்லை எனப் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன். மேல் தட்டில் உள்ள பத்தை முதலில் அனுப்பவும். அதில் மூன்றாவது பெயர் ஜெபக்கனி. வேண்டாம் என்பார். எப்படியாவது வாங்கவைக்கவும்.'